அறுபத்து மூன்று கற்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். பால்காரர் ஊற்றியதும் விரலை விட்டுப் பார்ப்பேன். பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பேன். கடையில் கொடுக்கிற தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, 'டக்' என்று சத்தம் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷமாக டெக்னீஷியன் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தில் என்ன கோளாறு என்று தேடுகிறவளுக்கு வேறு எந்தப் புத்தி வரும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டுவேன். இந்த டாக்டர் சும்மா தலைவலிக்கு எட்டு டெஸ்ட் எழுதினார், அந்த டாக்டருக்கு மாசக் கடைசியில் கவர் போகிறது, முழு உடல் பரிசோதனை என்பதே பாதி ஏமாற்று வேலை. அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அவருக்கு அது டிவி சீரியல் மாதிரி. இந்தப் பேச்செல்லாம் ஒரு நாள் என் தலையிலேயே விடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயர் ஜெகதீசன். ஓமந்தூரில் நாலு ஏக்கர் சொந்த நிலம். மல்லாட்டை, கேப்பை, ஏரியில் தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல். உடம்புக்கு முடியவில்லை என்று படுத்ததே இல்லை. தை மாசம் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர், வலது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. வேர்வை கொட்டியது. எனக்கு அந்த வலி தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானே பட்டிருக்கிறேன்.

விழுப்புரத்துக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல். ஒன்று இரண்டல்ல. ஆபரேஷன் செய்யும் டாக்டர் நிதானமான பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பையோட எடுத்துடறது நல்லதுங்க. இப்ப வலி நின்னுடும், ஆனா கல்லு எங்கயும் போவாது. ஒரு கல்லு நழுவிக் குழாயில போய் அடைச்சா மஞ்சக்காமாலை வரும், கணையம் வீங்கும். அப்ப உயிருக்கே ஆபத்து."

பங்குனி முதல் வாரம் நாள் குறித்தோம். அவர் தலையாட்டினார். ஆனால் அவருக்கு உள்ளூரப் பயம். அவருடைய அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனவர். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போது இவருக்குப் பதினாறு வயசு. அதைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பூமாலை அண்ணன். என் நாத்தனார் புருஷன். கண்டமங்கலத்தில் வீடு, பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. நான் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து நீட்டினார். படத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதில் பச்சை பச்சையாய்ப் பட்டாணி மாதிரி உருண்டைகள்.

"மச்சான், கத்தி வச்சிக்கினா போன உறுப்பு திரும்பி வருமா? விழுப்புரத்துல சேரன் ஐயா நடத்துற முகாமுக்குப் போ. இருபத்தோரு நாளு. கடைசி ராத்திரி ஒரு மருந்து குடுப்பாரு. எனக்கு நாப்பத்தோரு கல்லு, ஒரே ராத்திரியில வெளிய வந்துடுச்சு. இன்னா சொல்ற?"

என் புருஷன் முகம் மலர்ந்தது. ஒரு மாசமாக நான் பார்க்காத மலர்ச்சி.

"அண்ணே," என்றேன். "உங்களுக்குக் கல்லு இருக்குதுன்னு எந்த ஸ்கேன்ல சொன்னாங்க?"

"ஸ்கேனு எதுக்கும்மா? அதான் வந்துடுச்சே!"

இதற்கு மேல் என்ன கேட்பது? ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

முகாமுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் என் புருஷன் என்னிடம் சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். 'கழிவு நீக்கக் குடும்பம்' என்று பெயர். விடியற்காலையில் வெள்ளைப் பூசணிச் சாறு, மத்தியானம் பழம், ராத்திரி காய்கறி சூப். சோறு கிடையாது, டீ கிடையாது, கறி மீன் நினைக்கவே கூடாது. உடம்பில் பிறந்ததிலிருந்து கழிவு சேர்ந்திருக்கிறதாம். அதைக் கழுவித் தள்ளினால் சர்க்கரை, பிரஷர், கல், கட்டி எல்லாம் ஓடிவிடுமாம். அத்தனை வியாதிக்கும் ஒரே மருந்து என்றால் எனக்குக் காது விடைத்துக்கொள்ளும்.

குழுவில் இருந்த நம்பரைப் பார்த்து நானே சேரனுக்குப் போன் போட்டேன்.

"சார், கழிவுன்னு சொல்றீங்களே, இன்னா கழிவு? பேரு சொல்லுங்க, எங்க லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேன்."

"அம்மா, அது டெஸ்ட்டுல தெரியாத கழிவும்மா." குரலில் தேன் வழிந்தது.

"டெஸ்ட்டுல தெரியாதது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

லைன் கட்டாகிவிட்டது. டவர் இல்லையோ என்னவோ.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாளில் அவர் உடம்பு இளைத்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார். நெஞ்செரிச்சல் இல்லை. "பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். பார்த்தேன். தினமும் சாயங்காலம் கூட்டாளிகளோடு நாலு பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமை ஒரு குவாட்டர், பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சோறு என்று இருந்த மனுஷன் அதையெல்லாம் நிறுத்தினால் உடம்பு இளைக்காமல் என்ன செய்யும்? அதற்கு முகாம் எதற்கு? நான் பஜ்ஜிக் கடையை மறித்து நின்றிருந்தாலே போதும். கழிவை எடுக்கத்தான் கடவுள் ஈரலையும் கிட்னியையும் உள்ளே வைத்திருக்கிறார், அவை சம்பளம் கேட்காமல் இருபத்து நாலு மணி நேரமும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே வலது விலாவை லேசாக அமுக்கிக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இருபதாம் நாள் கடைசி மருந்து வந்தது. பெயரே ஒட்டாத பாக்கெட்டில் ஒரு வெள்ளைப் பொடி. ஆலிவ் எண்ணெய் பாட்டில் ஒன்று. எலுமிச்சம்பழம் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பொடியைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பும் உப்பும். பேதி உப்பு. நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். சாயங்காலம் இரண்டு முறை இந்த உப்புத் தண்ணீர், படுக்கும்போது எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஒரே மூச்சில் அரை டம்ளர், விடிந்ததும் மறுபடி உப்பு. அதோடு ஒரு பிளாஸ்டிக் சல்லடையும் கொடுத்திருந்தார்கள். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை கொல்லைப்புறத்திலிருந்து கத்தினார். "புனிதா! ஜல்தி வா!"

கழுவி, எண்ணி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பச்சை நிறம், சிலது பட்டாணி அளவு, இரண்டு மட்டும் சுண்டைக்காய் அளவு. அறுபத்து மூன்று.

"நாயன்மார் கணக்கு," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இத்தினியும் உள்ள இருந்துருக்குது, பாரு. கத்தி இல்லாம வந்துடுச்சு."

இந்த மனுஷனிடம் நான் எப்படிச் சொல்வேன்? ஆனாலும் சந்தேகம் விடுமா? டப்பாவை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். நிஜக் கல்லை நான் பார்த்திருக்கிறேன். என் பித்தப்பையில் எடுத்ததை ஒரு சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள், இவர்தான் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று சத்தம் கேட்டது. இதுவோ விரலால் அமுக்கினால் மெழுகு மாதிரி நசுங்கியது. இரண்டை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, நாற்பது டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்தேன். உருகி, பச்சை எண்ணெயாகி மேலே மிதந்தது. ஆலிவ் எண்ணெய் வாசனை. வயிற்றில் எண்ணெயும் எலுமிச்சையும் உப்பும் கூடி உருண்ட சோப்பு. அவ்வளவுதான்.

அந்தக் குழாயைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். கல் வெந்நீரில் உருகுமா என்று கேட்டேன்.

அவர் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணா உங்க லேபுக்கு எத்தினி டெஸ்ட்டு வரும்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீதான சொல்லுவ? டாக்டருக்கு கவர் போவுது, வேணாத டெஸ்ட்டு எழுதறாங்க, லேப்ல எத நெனச்சாலும் அத ரிசல்ட்டா குடுக்கலாம்னு. இருவது வருஷமா சோறு போட்டுக்கினே சொன்னியே. இப்ப எனக்குன்னு வந்தா மட்டும் டாக்டரு நல்லவரு ஆயிட்டாரா?"

"நானும் அந்த டாக்டரும் ஒண்ணாங்க?"

"எனக்குத் தெரியாது. எனக்கு யாரையும் தெரியாது. எதையும் நம்பாதன்னு சொல்லிக் குடுத்ததே நீதான்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, சேரன் மேல் வந்தது, பூமாலை அண்ணன் மேல் வந்தது, எல்லாவற்றையும் விட என் வாய் மேல் வந்தது. இருபது வருஷமாக நான் விதைத்ததை அவர் அறுத்துக் காட்டுகிறார். யாரைக் குறை சொல்ல?

அந்த வாரத்தில் இரண்டு முறை அவருக்கு வலி வந்தது. ஒரு முறை களத்து மேட்டில் குனிந்தபடியே நின்றார். கேட்டால், "கழிவு வெளிய போவுற வலி. குழுவுல சொல்லியிருக்காங்க," என்றார். குழுவில் சொல்லத்தான் சொல்லியிருந்தார்கள். வலித்தால் மருந்து வேலை செய்கிறதாம், வலிக்காவிட்டால் குணமாகிவிட்டதாம். எப்படிப் போனாலும் அவர்களுக்கே வெற்றி. கல் நழுவினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் அவர் எழுந்ததும் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

ஒரு நாள் குளிக்கும்போது வயிற்றில் இருந்த தழும்புகள் கையில் பட்டன. நாலு சின்னத் தழும்பு. பித்தப்பையை எடுத்த இடம். சோப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்குப் பித்தப்பையே இல்லை. நான் அந்த மருந்தைக் குடித்தால் என்ன ஆகும்?

பாக்கெட்டில் பாதி உப்பும் பாட்டிலில் பாதி எண்ணெயும் மிச்சம் இருந்தன. அவர் மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ராத்திரியில் குடித்தேன். தெரியாத கடையில் மோர் வாங்கிக் குடிக்காதவள் நான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குமட்டியது. விடியும்வரை வயிறு என்னை உட்கார விடவில்லை, நிற்கவும் விடவில்லை. பேஜாராகிப் போனது. ஆனால் காலையில் சல்லடையில் கிடந்தன. பச்சைப் பச்சையாக. எழுபத்தொன்று.

அந்தப் பேஜாரிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வசமாக மாட்டினான் சேரன் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் உடைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டில் வைத்து அவரிடம் மட்டும் காட்டியிருக்கலாம். என் குணம் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிறைவு விழா. மேடையில் குத்துவிளக்கு, கீழே நீளமான மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் ஒவ்வொருவரும் கொண்டுவந்த கல் பாட்டில், பெயரும் ஊரும் ஒட்டி. கொலு வைத்தது போல வரிசையாக இருந்தன. ஜனங்கள் குனிந்து குனிந்து பார்த்து, "அய்யோ, இம்மாம் பெருசா!" என்று வியந்தார்கள். அதிகம் கல் எடுத்தவருக்குச் சால்வை போர்த்துவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். ஐஸ்கிரீம் குச்சியால் தள்ளித் தள்ளி எண்ண இரண்டு பெண்கள். என் புருஷன் தன் டப்பாவை வைத்துவிட்டு இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் கைப்பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்து, பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

சேரன் மேடை ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தும்பைப் பூ மாதிரி. பேசத் தெரிந்தவர், ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் காகிதத்தைப் பார்த்துவிட்டு மைக்கில் சிரித்தார்.

"ஓமந்தூர் ஜெகதீசன் ஐயா, அறுபத்து மூணு! அவரையும் மிஞ்சிட்டாங்க அவங்க வீட்டம்மா! புனிதா அம்மா, எழுபத்தொண்ணு! மேடைக்கு வாங்கம்மா!"

கைதட்டல். என் புருஷன் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். நான் மேடையேறி மைக்கை வாங்கினேன். பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாலயே எனக்குப் பித்தப்பைய ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இந்தாங்க பேப்பரு. யாரு வேணும்னாலும் படிச்சிப் பாருங்க. இல்லாத பையில இருந்து எழுபத்தொரு கல்லு எப்படிங்க வரும்? இது கல்லே இல்ல. நம்ம குடிச்ச எண்ணெயும் எலுமிச்சம்பழமும் பேதி உப்பும் சேந்து உருண்ட சோப்பு. வெந்நீர்ல போட்டுப் பாருங்க, கரைஞ்சுடும்."

கல் எண்ணிய பெண்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சேரன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"அம்மா சொன்னதக் கேட்டீங்களா? பையவே வெட்டி எடுத்தாங்க. அப்பறமும் எழுபத்தொரு கல்லு! ஈரல்ல தங்கி இருந்துருக்கு! அப்ப அந்த ஆபரேஷன் யாருக்கு நல்லது பண்ணுச்சு? சொல்லுங்க!"

கைதட்டல் முதலில் விழுந்ததைவிட இரண்டு மடங்கு விழுந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சால்வை போர்த்திவிட்டார்கள். நான் என்னென்னவோ கத்தினேன். மைக் இல்லாத வாய் யாருக்குக் கேட்கும்? என் புருஷன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியை விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ சொன்னார். இருபத்தைந்து நாளாக டீ தொடாதவர். தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"நெசமா குடிச்சியா? இல்ல, லேப்ல ஏதாச்சும் உருட்டி எடுத்துக்கினு வந்தியா?"

அவ்வளவுதான். எனக்குள்ளே இருந்ததெல்லாம் உடைந்துபோனது. லாரிக்காரர்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில், சால்வையும் கையுமாக நின்று அழுதேன்.

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? எனக்கு டெஸ்ட்டும் வேணாம், கமிஷனும் வேணாம். நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு பயமா இருக்குது. தெனம் காலைல உங்க கண்ணப் பாத்து பாத்து நான் செத்துக்கினு இருக்கேன். கல்லு வந்துச்சா, சோப்பு வந்துச்சா, எனக்கு இன்னா? நீங்க எனக்கு வேணும்ங்க."

ஒரு மாசமாக அவரிடம் வாதம் செய்திருக்கிறேன். குழாயைக் காட்டினேன், காகிதத்தைக் காட்டினேன். பயமாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அவர் கையிலிருந்த டீயில் ஆடை படிந்தது. பிறகு தம்ளரை அப்படியே கடைப் பலகையில் வைத்தார்.

"குடிக்கலீங்களா?"

"ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேணும் இல்ல?" என்றார். "காலையில இருந்து பூசணிச் சாறுதான். ஆனா உனக்குத் தெரிஞ்ச எடம் வேணாம்."

வண்டியைத் திருப்பினார்.

விழுப்புரத்தில் அவரே ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். போர்டைப் படித்து, நான் யாரிடமாவது பேசுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்து, சீட்டு போட்டார். என் தொழிலைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். வயிற்றில் ஜெல்லைத் தடவி கருவியை வைத்ததுமே, "பித்தப்பையில நெறைய கல்லு இருக்குதுங்க. செவுரும் தடிச்சிருக்குது," என்றார்.

"அறுபத்து மூணு வெளிய வந்துடுச்சுங்களே," என்றார் இவர். குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினார். கறுப்புப் பைக்குள் வெள்ளை வெள்ளையாய்க் குவிந்து கிடந்தன. "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. இப்பப் பாருங்க."

அவர் புரண்டார். திரையில் அந்தக் குவியலும் உருண்டு சரிந்து, பையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அவர் மறுபடி மல்லாந்து படுத்தார். அவை மறுபடி உருண்டன. மூன்றாவது முறை டாக்டர் சொல்லாமலேயே அவர் புரண்டு பார்த்தார். பிறகு திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கே போயிடலாமா?" என்றார்.

அன்று சாயங்காலமே அந்தப் பழைய டாக்டரிடம் போனோம். ஆபரேஷனை ரத்து செய்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேதி உப்பு விஷயத்தை நானே சொன்னேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மறுநாளைக்கு மறுநாள் காலை என்று எழுதினார்.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு சம்மதப் படிவம் கொண்டுவந்தார். என் புருஷன் கண்ணாடி எடுத்து வரவில்லை. என்னிடம் நீட்டி, "படி," என்றார்.

படித்தேன். ரத்தப்போக்கு வரலாம். கிருமி தொற்றலாம். பித்தக் குழாயில் காயம் படலாம். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்ய நேரிடலாம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அரிதாக உயிரிழப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், படித்த ஞாபகமே இல்லை. இப்போது ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். உயிரிழப்பு என்ற வார்த்தையில் விரல் நின்றது. இவருடைய அப்பா நடந்து போன வாசல் என் கண்ணில் வந்து நின்றது. போதும், எழுந்திருங்க, வீட்டுக்குப் போயிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே வாயெடுத்தேன்.

"இத்தினியும் எழுதியிருக்காங்களா?" என்றார்.

"ஆமாங்க."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெத விக்க வர்றவன் கண்டிப்பா நாப்பது மூட்ட வெளையும்னு சொன்னான்னா நான் வாங்க மாட்டேன். மழ ஏமாத்தினா மொளைக்காது, பூச்சி வுழுந்தா பாதிதான் வரும்னு சொல்றான் பாரு, அவன்கிட்டதான் வாங்குவேன். சேரன் ஒரு ஆபத்தும் இல்லன்னான். நானும் தலைய ஆட்டிட்டேன். நெலத்துல இருக்கற புத்தி வயித்து விஷயத்துல இல்லாமப் போச்சு. இவங்க ஒரு பக்கம் பூரா எழுதிக் குடுத்துருக்காங்க. குடு பேனாவ."

எந்தப் பக்கம் எனக்கு இருந்த தைரியத்தையெல்லாம் பிடுங்கியதோ, அதே பக்கம் அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. நான் காட்டிய இடத்தில் நிதானமாகப் பெயரை எழுதினார். நர்ஸ் படிவத்தை வாங்கிக்கொண்டு போனதும், என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பயப்படாத புனிதா," என்றார். "நான் வந்துடுவேன்."